வீண் என்றொரு இங்கிலீஷ் வார்த்தை

போன வாரம் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் குழந்தை உணவுப் பெட்டி ஒன்று கை தவறி விழுந்துவிட்டது. என் கைதான். மேல் தட்டிலிருந்து எடுக்கும்போது நழுவி, கவுண்டர் முனையில் இடித்து, உள்ளே இருந்த பை ஓரம் பிரிந்து மாவு கொட்டியது. வறுத்த அரிசியும் பால் பவுடரும் லேசான சர்க்கரையும் கலந்த வாசனை. துணியை எடுத்துத் துடைக்க வேண்டியவன், விரலில் தொட்டு மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பில் போடும் ஜெயந்தி கம்ப்யூட்டரை விட்டு எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, பசிக்குதா? சொல்லியிருந்தா ரெண்டு இட்லி வாங்கியாரச் சொல்லியிருப்பேன்ல.”

நான் சிரித்து வைத்தேன். யாராவது கேலி செய்தால் எனக்குப் பதில் தோன்ற அரை நாள் ஆகும். அதற்குள் கேலி செய்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

கிழிந்த பெட்டியைத் திருப்பித் திருப்பி ஒரு வார்த்தையைத் தேடினேன். முன்பெல்லாம் இந்த மாதிரி டப்பாக்களில் அது பெரிய எழுத்தில் இருக்கும். டபிள்யூ, இ, ஏ, என். அதோடு ஒரு ஐ, என், ஜி. இப்போது அந்த இடத்தில் என் வாய்க்குள் நுழையாத நீளமான வேறொரு வார்த்தை. துணை உணவு என்று அர்த்தமாம், ஜெயந்திதான் படித்துச் சொன்னாள். பழைய வார்த்தையை ஏன் எடுத்துவிட்டார்கள் என்று அவளைக் கேட்டேன். “நாமளா எடுத்தோம், கம்பெனிக்காரன் எடுத்தான். அதுக்கு ஏண்ணே நீங்க சொந்தக்காரங்க செத்த மாதிரி நிக்கிறீங்க?” என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தைக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். பாஸ்தான். இங்கிலீஷில் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் வைத்திருந்த மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்தேன். சின்னக் கடை. ஸ்பிரிட், டிங்சர், பழுப்புக் காகிதக் கவர், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை டப்பாவைத் திறந்தால் குப்பென்று வரும் ஒரு வாடை, எல்லாம் சேர்ந்ததுதான் அப்போது மெடிக்கல் ஷாப்பின் வாசனை. இப்போது ஏ.சி. போட்ட கடைகளில் எந்த வாசனையும் இல்லை, கவனித்திருக்கிறீர்களா? அங்கே மருந்துப் பெயர்களை நான் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. ஆட்களின் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டேன். இந்தப் பெயருக்கு நடுவில் ரெண்டு எல் நிற்கும், அந்தப் பெயர் எக்ஸில் முடியும், இப்படி. ஒருநாள் கூட மாற்றிக் கொடுத்ததில்லை. ஆனால் சத்தம் போட்டுப் படி என்றால் வேர்த்துவிடும். குழந்தை உணவு டப்பாவில் இருந்த அந்த டபிள்யூ வார்த்தையும் எனக்கு அப்படி ஒரு முகம்தான். அதன் குரலை நான் கேட்டதில்லை.

முதல்முறை கேட்டது வீட்டில், மத்தியானம் சாப்பிடும்போது. அப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகும் ரோட்டை ஒட்டி ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். நானும் அம்மாவும். வசந்தி அக்காவை உறையூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தான் லாரி ஓட்டுகிறவர். சமயபுரம் தாண்டி ஒரு விபத்தில் கால் நசுங்கிப் படுத்தவர் மறுபடி ஸ்டியரிங் பிடிப்பாரா என்று யாருக்கும் தெரியாத நேரம். அக்கா நர்ஸ் படிப்பு முடித்தவள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. வீட்டில் அப்போது வேறு வழி எதுவும் தெரியவில்லை. கைக்குழந்தை சிந்துவை எங்களிடம் விட்டுவிட்டுப் போவது என்று முடிவானது. அதற்கு முன் பழக்குவதற்காகப் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

நான் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

“அடுத்த மாசத்துக்குள்ள இவள வீன் பண்ணியாகணும்டா.”

நான் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தேன். “ஏன்க்கா? பச்சப் புள்ளயப் போயி எதுக்கு வீண் பண்ணணும்?”

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். உடம்பு குலுங்கியதில் பிள்ளையின் வாய் விலகி அது வேறு கத்தியது. “வீண் இல்லடா மடையா, வீன். இங்கிலீஷ் வார்த்தை. பால் மறக்கடிக்கிறது.”

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். “அதத் தமிழ்லயே சொல்லித் தொலைச்சா என்னடி?”

“தமிழ்ல சொன்னா அழுக வருதும்மா” என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கடையில் டப்பாவை எடுத்து அந்த வார்த்தையின் முகத்தைப் பார்த்தேன். நீதானா அது என்று இருந்தது. வீட்டிலோ என்னுடைய தப்பு நிலைத்துவிட்டது. அம்மாவுக்குக் கூட அதுவே வாய்க்கு வசதியாக இருந்தது. “இன்னிக்கி வீண் பண்ணப் பாத்தியா?” “எங்க, ஒரு வேள கூட வீண் ஆகல.” வெளி ஆள் யாராவது கேட்டால் எங்கள் குடும்பம் எதையோ கொட்டிச் சீரழிப்பதாக நினைத்திருப்பார்கள். அழ வேண்டிய விஷயத்துக்கு ஒரு கேலிப் பெயர் கிடைத்தால் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது.

முதலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். சிந்து ஒரு முறை முகத்தைக் கோணிக்கொண்டு எங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தாள். பிறகு கசப்போடேயே குடித்தாள். கற்றாழையும் தோற்றது. பிள்ளையின் கண்ணில் படாமல் தாய் இருக்க வேண்டும், வேறு ஒருவரிடம் ஒட்ட வேண்டும், அதுதான் வழி என்றாள் அம்மா. அம்மாவுக்கு மூச்சிரைப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். மிச்சம் இருந்தது நான். இருபது வயது தாண்டிய, பெண்கள் மாத்திரை கேட்டு வந்தாலே தரையைப் பார்க்கிற நான்.

“ஆம்பளப் பயகிட்ட எப்படிம்மா ஒட்டும்?” என்றாள் அக்கா.

“அதுக்கு ஆம்பள பொம்பள தெரியுமாடி? வாசன தெரியும். ஒன் பழைய பொடவை ஒண்ணக் குடு.”

இப்படியாக, மத்தியானம் பாய் கடையைச் சாத்தும் நேரத்தில் நான் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். அக்கா எதிர்வீட்டு ரங்கநாயகி மாமி வீட்டுக்குள் போய்விடுவாள். நான் அக்காவின் கத்தரிப்பூ நிற நூல் புடவையைத் தோளில் சுற்றிக்கொண்டு, அதற்குள் சிந்துவை அணைத்துக்கொண்டு, சந்தில் மேலும் கீழும் நடப்பேன். அவள் என் சட்டைப் பித்தானில் வாய் வைத்துத் தேடுவாள். கிடைக்காமல் கத்துவாள். வெட்கம் பிடுங்கித் தின்னும். சந்துக்காரர்கள் சிரிக்கவில்லை, மாமியைத் தவிர.

“ஏண்டாப்பா, நம்பெருமாளுக்கே வருஷத்துல ஒரு நாள்தான் பொடவை கட்டிண்டு நாச்சியார் திருக்கோலம். நோக்கு நித்தமும் அதுவா?”

மாமி கேலியாகச் சொன்னாலும் அவர்தான் அக்காவைத் தன் உள்ளறையில் உட்கார வைத்திருந்தவர். பிள்ளை அழுகிற சத்தம் காதில் விழுந்தாலே தாய்க்குப் பால் இறங்கிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அக்காவின் ரவிக்கை நனைந்துவிடும். வலி தாங்காமல் டம்ளரில் பீய்ச்சி எடுப்பாள். கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்று மாமி அதைக் கொல்லைச் செம்பருத்தியின் வேரில் ஊற்றுவார். ஒருநாள் நான் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுச் சொல்லப் போனபோது அக்கா டம்ளரோடு கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். “நீ சொன்னதுதாண்டா சரி. வீண்தான் பண்றேன்” என்றாள்.

பிள்ளை தூங்கியதைச் சொல்லாமலே நான் திரும்பி வந்துவிட்டேன்.

சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. படித்துறைக்குத் தூக்கிப் போய் ஆற்றைக் காட்டுவேன். திதி கொடுக்க வந்தவர்கள் வைத்த பிண்டத்துக்கு இறங்கும் காக்கைகளைக் காட்டுவேன். அவள் காக்கையைப் பார்த்து என் காதைப் பிடித்து இழுப்பாள். ஒரு மத்தியானம் டப்பா மாவைக் கரைத்து ஊட்டியதும் அழாமல், தேடாமல், என் தோளில் எச்சில் வடியத் தூங்கிப்போனாள். எனக்குப் பரீட்சை பாஸான மாதிரி இருந்தது. எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

“அக்கா, தூங்கிட்டாக்கா.”

“அழலியா?”

“அழவே இல்ல.”

“நல்லதுதான்” என்றாள். உள்ளே போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மறுபடி தொட்டியில் போட்டுத் துவைத்தாள். எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது. துவைத்த துணியை எதற்கு இவள் துவைக்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குப் புத்தி.

அவள் கிளம்பிய காலை. மெட்ராஸ் ரயிலுக்கு வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. அத்தான் ஊன்றுகோலோடு ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார். நான் பாயில் மல்லாந்து படுத்திருக்கிறேன், சிந்து என் நெஞ்சின் மேல் குப்புறத் தூங்குகிறாள். அக்கா புதுச் சேலை மொடமொடக்கப் பக்கத்தில் குந்தினாள். கையை நீட்டினாள். நான் உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினேன். தொட்டால் எழுந்துவிடுவாள், எழுந்தால் அழுவாள், அழுதால் இத்தனை நாள் பட்டதெல்லாம் போய்விடும் என்று அர்த்தம். அவள் கையை மடக்கிக்கொண்டு எழுந்தாள். தொடாமலே போனாள். குழந்தைக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படி நினைக்கத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமைகள். மஸ்கட்டில் வெள்ளி லீவு. கடை போனுக்கு அக்கா கூப்பிடுவாள். அன்றைக்கு மட்டும் சிந்துவைக் கடைக்குத் தூக்கி வருவேன். ரிசீவரை அவள் காதில் வைத்து “அம்மா பாரு, அம்மா பேசு” என்போம். அவள் புரிந்துகொண்டது என்னவென்றால் அந்தக் கறுப்புக் கருவியின் பெயர் அம்மா. மணி அடித்தால் போதும், எந்த டாக்டர் கூப்பிட்டாலும், எந்த ஏஜென்சிக்காரர் கூப்பிட்டாலும், “அம்மா, அம்மா” என்று கையை ஆட்டுவாள். பாய் தாடியைத் தடவிக்கொண்டு சிரிப்பார். “தம்பி, உங்க அக்கா இன்னிக்கி காலையிலேர்ந்து விடாம கூப்புடறாங்க போல. மாஷா அல்லாஹ், நல்ல சம்பளம்.” வீட்டில் சுவரில் மாட்டிய போட்டோவும் அம்மா. “அம்மா எங்க?” என்றால் ஆணியில் தொங்குவதைக் காட்டுவாள். எல்லோரும் கை தட்டுவோம்.

அந்தக் காலத்தில் வளைகுடா போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள், உங்களில் சிலர் வீட்டுக்கும் வந்திருக்கும். அக்காவும் அனுப்பினாள். ஊருக்கு வந்த ஒருவர் சோப்புக் கட்டிகளோடு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பக்கம் முழுக்கச் சிந்துவிடம் பேச்சு. ‘குட்டி சாப்ட்டீங்களா, பல்லு மொளச்சிருச்சா, அம்மா வந்துருவேனாம்’ என்று. முதல்முறை போட்டபோது சிந்து டேப் ரெக்கார்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். சுற்றி வந்து மறுபடி பார்த்தாள். அப்புறம் அழுதாள் பாருங்கள், சாப்பிட்டதெல்லாம் வெளியே வரும் வரை. “போடாதடா, ஏங்கிப் போயிரும்” என்றாள் அம்மா. கேசட்டை அலமாரி மேல் வைத்தேன்.

“கேசட்டக் கேக்குறாளாடா?” என்று வெள்ளிக்கிழமை அக்கா கேட்டாள்.

“தெனமும் கேக்குறாக்கா.”

அம்மா சொன்னது அந்த ஒரு நாளுக்குத்தான். இன்னொரு நாள் போட்டுப் பார்த்திருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டிருந்தால் குரல் பழகியிருக்கும். வேப்பெண்ணெயையே பழகிக் குடித்த பிள்ளை அவள். நான் போடவில்லை. கடை விட்டு வரும்போது சந்து முனையிலேயே “மாமா” என்று ஒரு குரல் வரும். உலகத்தில் வேறு யாரும் என்னை எதிர்பார்த்து வாசலில் நின்றதில்லை. கடையில் வாய் திறக்காதவன், அவளிடம் மட்டும் மணிக்கணக்கில் பேசுவேன். பால் மறந்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் வீண் பண்ணுவதை நிறுத்தவில்லை.

அக்கா முதல் லீவில் வந்தபோது ஜங்ஷனுக்குச் சிந்துவைத் தூக்கிக்கொண்டு போனேன். பிளாட்பாரத்தில் அக்கா பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். சிந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் கேட்டாள், ஆனால் ரகசியம் பேசத் தெரியாத வயசு. “மாமா, இந்த ஆன்ட்டி யாரு?”

அக்கா சிரித்தாள். “ஆன்ட்டிதான். வா, ஆன்ட்டி பொம்ம வாங்கியாந்திருக்கேன்.”

பொம்மையை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாள். கவுன் போட்டுவிட்டால் என்னிடம் காட்ட ஓடி வருவாள். அக்கா சோறு பிசைந்து உட்கார்ந்தால், “மாமா ஊட்டணும்.” அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் சொல்வாள், கொஞ்சம் வெளியே போ என்று. போவேன். அம்மா மண்டபம் வரை போய்க் காலை நனைத்துவிட்டு வர வேண்டியவன், சந்து முனையில் சைக்கிள் கடை வாசலில் நிற்பேன். அழுகை கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. கேட்டவுடன், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அக்காவே சமாதானப்படுத்தியிருப்பாளோ என்னவோ, நான் வாசலில் நிற்பேன். சிந்து தாவி வருவாள். அக்கா பிசைந்த சோற்றை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவாள். ஒரு தடவை கூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. லீவு அப்படியே தீர்ந்தது.

திரும்பிப் போகும் அன்றைக்கும் ஜங்ஷன். சிந்து என் இடுப்பிலிருந்து டாட்டா காட்டுகிறாள், நன்றாகவே காட்டுகிறாள், ஆன்ட்டிக்கு. ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களின் மேல் அக்கா கையை வைத்தாள்.

“நல்லா வீண் பண்ணிட்டடா.”

எங்கள் வீட்டு வார்த்தை. சிரித்த முகமாகத்தான் இருந்தாள். நானும் சிரித்தேன். ரயில் போன பிறகுதான், அவள் இங்கிலீஷில் சொன்னாளா தமிழில் சொன்னாளா என்று யோசித்தேன். இங்கிலீஷ் என்றால் பாராட்டு. தமிழ் என்றால் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. அவள் உச்சரிப்பில் அது மூன்று சுழியா, இரண்டு சுழியா? ரயில் சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. போனில் கேட்கலாம். போனில் பாய் பக்கத்தில் நிற்பார். கடிதத்தில் கேட்கலாம். எந்த ‘ண’ போட்டு எழுதுவது? இப்படியே ஒவ்வொரு சாக்காகத் தள்ளிப் போட்டேன்.

சிந்துவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் சமயத்தில் அக்கா ஒரேயடியாக வந்துவிட்டாள். அத்தான் தேறி உறையூரிலேயே ஒரு பட்டறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கூட்டிப் போனார்கள். போகும்போது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “கொஞ்ச நாளைக்கி வராதடா. கோவிச்சுக்காத.”

“இல்லக்கா.”

“அவ கேப்பா. நான் பாத்துக்கறேன்.”

இந்தத் தடவை நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். உறையூர் பக்கம் மருந்து கொடுக்கப் போக வேண்டியிருந்தால் பஸ்ஸில் அக்கா வீட்டுப் பக்கத்து ஜன்னலில் உட்கார மாட்டேன். ஒரே ஒரு நாள் தலை தன்னால் திரும்பிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிந்து எதையோ கேட்டு அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அடம் எனக்குத் தெரியும். உரிமை இருக்கிற இடத்தில் மட்டும்தான் அப்படி அடம் பிடிப்பாள். பிறகு நான் போக ஆரம்பித்தபோது, “யாரு வந்திருக்கா பாரு” என்று அக்கா சொல்ல, சிந்து அக்காவின் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்த்து “மாமா” என்றாள். பிள்ளை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அதுதான் வேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

இப்போது சிந்து பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது தைரியம் வந்து அவளிடம் கேட்டேன், டபிள்யூ, இ, ஏ, என் என்றால் சரியாக என்ன அர்த்தம் என்று. போனைத் தட்டிப் பார்த்தாள்.

“பால் மறக்க வைக்கிறது மாமா. எந்தப் பழக்கத்தயும் மெதுவா விட வைக்கிறதுக்கும் சொல்லலாம். குடி, செல்போன், எல்லாத்துக்கும். ஆனா பாருங்க, ரொம்பப் பழைய காலத்துல இதுக்குப் பழக்கப்படுத்துறதுன்னுதான் அர்த்தமாம்.”

“எது, மறக்க வைக்கிறது இல்லியா?”

“இல்ல. புதுசா ஒண்ணுக்குப் பழக்குறது. அப்புறம் மாறிடுச்சு போல. இப்பவும் பின்னாடி ஆஃப் போட்டா விட வைக்கிறது. ஆன் போட்டா அதுலயே வளந்ததுன்னு அர்த்தம், நேர் எதிரு. ஏன் மாமா, கடையில யாராச்சும் கேட்டாங்களா?”

“டப்பாவுல பாத்தேன். அப்ப ஒனக்கு எதப் போடலாம்?”

“எனக்கா? நான் உங்க கடை டப்பாவுலயே வளந்தவ. ஆன்தான்.” சிரித்தாள். “எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல மாமா. அம்மாதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, நீங்க பொடவையச் சுத்திக்கிட்டுத் தெருவுல நடந்தீங்களாமே. மாமா மாதிரி யாரும் பாக்க முடியாதுடின்னு சொல்லுவாங்க.”

அக்கா என்னைப் பற்றி அவளிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். கேசட்டை நான் போடாமல் வைத்தது அக்காவுக்குத் தெரியாது. சைக்கிள் கடை வாசலைப் பற்றித் தெரிந்திருக்கலாம். சொல்லவில்லை.

பெட்டி விழுந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை உறையூர் போனேன். அத்தான் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் காம்பு கிள்ளினேன். வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

“அக்கா, ஜங்ஷன்ல ஒண்ணு சொன்னியே, ஞாபகம் இருக்கா?”

“எப்ப?”

“மொதத் தடவ லீவுல வந்துட்டுத் திரும்பிப் போறப்ப. ரயில் கெளம்புறப்ப. நல்லா வீண் பண்ணிட்டடான்னு.”

“எத வீண் பண்ணின?”

“அது இல்லக்கா. நாம வீட்ல சொல்லுவோமே. பால் மறக்கடிக்கிறதுக்கு. நீ, நான், அம்மா, எல்லாரும்.”

கத்தியை வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடிக்கூடப் பார்த்தாள். “ஆஸ்பத்திரில வீன்னு சொல்லுவோம். வீண்னா? புள்ளய வச்சுக்கிட்டு யாராச்சும் அப்பிடிச் சொல்லுவாங்களாடா? நீயா எதையாவது நெனச்சுக்கிட்டிருப்ப.”

“சொன்னோம்க்கா.”

“சரி, சொல்லியிருந்தா இப்ப என்ன? வேலை விட்டு வந்ததுலேர்ந்து பாதி மறந்து போச்சு எனக்கு. சாப்ட்டுட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்.”

சரி என்றேன். அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

அம்மா போய் வருஷங்களாகிவிட்டது. மாமி வீட்டார் எங்கே என்று தெரியாது. சந்தில் இப்போது அடுக்குமாடி. அந்த வார்த்தை எந்த அகராதியிலும் கிடையாது, எங்கள் ஒரு வீட்டில் மட்டும் கொஞ்ச காலம் புழங்கியது. அதைப் பேசியவர்களில் மிச்சம் இருப்பது நானும் அக்காவும். அக்காவிடமிருந்து அது போய்விட்டது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்பதென்றால் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் கேட்க முடியும். வேறு வார்த்தைகளில் அதைச் சொல்ல எனக்கு வராது.